நாய், பூனை வளர்க்கும் வீட்டுக்கு எந்தக் கார்ப்பெட் நல்லது? கம்பளியா, செயற்கை இழையா?

தீபாவளி நெருங்கும்போது நம்மவர் வீடுகளில் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் புதுத் திரைச்சீலை, புது சோபா உறையோடு கார்ப்பெட்டும் சேர்ந்துவிடும். நீலாய் 3 மொத்த விற்பனைக் கடைகள், கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா வட்டாரம், பேரங்காடிகள், பாசார் மாலாம் எனப் பல இடங்களில் அது கிடைக்கிறது. ஒரே அளவுள்ள இரண்டு கார்ப்பெட்டுகளில் கம்பளியால் ஆனது, செயற்கை இழையால் ஆனதைவிடப் பல மடங்கு விலை சொல்லும். விலை கூடியது நீண்ட நாள் உழைக்கும் என்று நம்பிக் கம்பளியை வாங்குவோரும் உண்டு.

வீட்டுக்குள் நாயோ பூனையோ நடமாடினால் இந்தக் கணக்கு மாறிவிடும். பிராணியின் சிறுநீர், வாந்தி, முடி, நகம், மழையில் நனைந்த பாதம் இவையெல்லாம் கார்ப்பெட்டுக்குத்தான் வந்து சேரும். சில மாதங்களில் நாற்றம் பிடித்துவிட்டால் கார்ப்பெட் குப்பைக்குப் போகும். அல்லது பழி பிராணியின் மீது விழும். கார்ப்பெட்டைக் கெடுத்துவிட்டது என்பதற்காகப் பூனையைச் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விடுவதும், நாயை நாள் முழுவதும் வெளியே கட்டிப்போடுவதும் நம் ஊரில் நடக்கின்றன. வாங்கும்போது சில விஷயங்களைக் கவனித்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

சுருக்கமான பதில்

நம் நாட்டு வெப்பத்துக்கும் ஈரத்துக்கும், பிராணி உள்ள வீட்டுக்கும் பொதுவாகப் பொருந்துவது செயற்கை இழைக் கார்ப்பெட்தான். அதிலும் குட்டையான இழை கொண்டதாக, நனைந்த பிறகும் வீட்டில் உள்ள இருவர் தூக்கி வெளியே கொண்டுபோய்க் கழுவிக் காயவைக்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும். கம்பளி மோசமான பொருள் அல்ல. ஆனால் நன்கு பழகிய, வயதுக்கு வந்த பிராணி உள்ள, காற்றோட்டமான அல்லது ஏர்கோன் போட்ட வீட்டுக்கே அது ஏற்றது. அப்போதும் பிராணி அதிகம் புழங்காத அறையில் போடுவது நல்லது.

இழை எதுவாக இருந்தாலும், சுவருக்குச் சுவர் ஒட்டிப் போடும் கார்ப்பெட்டைத் தவிர்த்துவிடுங்கள். தூக்க முடியாத கார்ப்பெட்டின் அடிப்பக்கம் ஒருமுறை நனைந்தால் முழுமையாகச் சுத்தம் செய்ய வழியில்லை.

கம்பளி: பலமும் பலவீனமும்

ஆட்டு ரோமம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நம் தலைமுடியும் நகமும் அதே புரதம்தான். கம்பளி இழை சுருள் உடையது. மிதித்தாலும் சாய்ந்தாலும் திரும்ப நிமிர்ந்துகொள்ளும். இழையின் மேலுள்ள செதில்கள் அழுக்கை எளிதில் வெளிக்காட்டாது. தீப்பட்டாலும் சட்டெனப் பற்றிக்கொள்ளாது. நெருப்பை அகற்றினால் பெரும்பாலும் தானாகவே அணைந்துவிடும். நல்ல பராமரிப்பில் பல ஆண்டுகள் உழைக்கும்.

பிராணி உள்ள வீட்டில் சிக்கலைத் தருவது அதன் உறிஞ்சும் தன்மை. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போதும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. குளிர் நாட்டில் இது நன்மை. ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் நிறைந்த நம் நாட்டில், சிறுநீர் இழைக்குள்ளேயே போய்த் தங்கிவிடும். மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே காய்ந்திருக்காது.

அடுத்த சிக்கல் சுத்தம் செய்வதில் வருகிறது. சிறுநீர் நாற்றத்தைப் போக்க மிகவும் உதவுவது நொதி கலந்த சுத்திகரிப்புத் திரவம். பிராணிப் பொருள் கடைகளில் அது கிடைக்கும். புரதத்தைச் சிதைக்கும் நொதி பலவற்றில் சேர்க்கப்படுகிறது. கம்பளியும் புரதம்தான் என்பதால் அந்த நொதி அதன் இழையையும் மெல்ல அரிக்கும். 'கம்பளிக்கும் பட்டுக்கும் பயன்படுத்த வேண்டாம்' என்று பல புட்டிகளில் எழுதியிருப்பது இதனால்தான். குளோராக்ஸ் போன்ற வெளுப்பு நீர் இன்னும் மோசம். அது கம்பளியைக் கரைத்தே விடும். ஆக, நாற்றத்தைப் போக்கும் மருந்தே கார்ப்பெட்டுக்குக் கேடாகிறது.

மூன்றாவது, பூச்சி. அந்துப்பூச்சியின் புழுவும் கார்ப்பெட் வண்டின் புழுவும் கெரட்டினைத் தின்னும். சோபாவுக்கு அடியில் வெளிச்சம் படாத பகுதியில், பிராணி முடியும் சேர்ந்து கிடந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். அதற்காக அந்துருண்டையைப் போட்டுவைப்பது ஆபத்து. அதில் உள்ள நாப்தலின் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. உருண்டையை விளையாட்டாகக் கடித்து விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

செயற்கை இழையில் எது?

கடையில் 'செயற்கை இழை' என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாம் ஒன்றல்ல. லேபிளில் உள்ள பெயரைப் பாருங்கள்.

*பாலிபுரோப்பிலீன்:* 'பிபி' என்றும் 'ஒலெஃபின்' என்றும் எழுதியிருப்பார்கள். இங்கே விற்கும் இயந்திர நெசவுக் கார்ப்பெட்டுகளில் பெரும்பாலானவை இந்த வகை. துருக்கிக் கார்ப்பெட் என்று சொல்லி விற்கப்படுபவற்றிலும் பல இதுதான். இது தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. இழையாக இழுப்பதற்கு முன்பே நிறத்தை உருக்கில் கலந்துவிடுவதால் சாயம் எளிதில் போகாது. குழம்பு சிந்தினாலும் மஞ்சள் கறை ஆழமாகப் பிடிக்காது. குறைகளும் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொள்ளும். நாயின் உடல் பிசுக்கு ஒரே இடத்தில் படிந்தால் அங்கே கறுக்கும். கனமான மேசைக்கு அடியில் அமுங்கிய இழை எளிதில் நிமிராது. விலை குறைவு என்பதால் கெட்டாலும் இழப்பு பெரிதல்ல.

*பாலியஸ்டர்:* இதுவும் ஈரத்தை மிகக் குறைவாகவே உறிஞ்சும். மென்மையாக இருக்கும். சலவை இயந்திரத்தில் போடக்கூடிய மெல்லிய விரிப்புகள் பல இதில்தான் வருகின்றன. நீண்ட இழை கொண்ட 'ஷேகி' வகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதில் முடியும் மணலும் சிக்கிக்கொண்டால் வேக்கும் கிளீனராலும் எடுப்பது கடினம்.

*நைலான்:* செயற்கை இழைகளில் மிதிபடுவதை அதிகம் தாங்குவது இதுதான். ஆனால் சற்றே ஈரம் உறிஞ்சும். கறை தடுப்புப் பூச்சு இல்லாவிட்டால் மஞ்சளும் சிவப்புச் சாயமும் கம்பளியில் பிடிப்பதுபோல் இதிலும் பிடித்துக்கொள்ளும். பெரிய நாய் ஓடியாடும் வீட்டுக்கு ஏற்றது. விலை சற்று அதிகம்.

*விஸ்கோஸ்:* 'செயற்கைப் பட்டு' என்று பளபளப்பாக விற்கப்படும். பிராணி உள்ள வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம். நனைந்தால் இழையின் வலிமை வெகுவாகக் குறையும். வெறும் தண்ணீர் பட்ட இடம்கூட மஞ்சளாகிவிடும்.

விற்பவர் 'கம்பளி' என்று சொன்னது உண்மைதானா என்று வீட்டில் சோதிக்கலாம். கார்ப்பெட்டிலிருந்து இரண்டு மூன்று இழைகளை வெட்டி எடுத்து, வெளியே ஒரு பீங்கான் தட்டில் வைத்துக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் நசுங்கினால் கம்பளி. உருகிக் கெட்டியான மணிபோல் உறைந்தால் செயற்கை இழை. காகிதம் எரியும் வாடை வந்தால் பருத்தியோ விஸ்கோஸோ ஆகலாம்.

சாமி மேடை உள்ள வீட்டார் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாலிபுரோப்பிலீன் ஏறக்குறைய 165 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சாம்பிராணித் தணலோ ஊதுவத்தி நெருப்போ விழுந்தால் ஓட்டைதான். விளக்கு ஏற்றும் இடத்திலிருந்து தள்ளியே விரியுங்கள். பூனை தாவித் தட்டிவிடும் இடத்தில் விளக்கும் இருக்கக் கூடாது.

கடையிலேயே புரட்டிப் பாருங்கள்

பலரும் மேற்பரப்பை மட்டும் தடவிப் பார்த்து வாங்குகிறார்கள். பிராணி உள்ள வீட்டார் பார்க்க வேண்டியது அடிப்பக்கம். பாலிபுரோப்பிலீன் சிறுநீரை உறிஞ்சாது என்றால் அந்தச் சிறுநீர் எங்கே போகும்? இழைகளுக்கு நடுவே இறங்கி அடிப்பாகத்தில்தான் தேங்கும். மாதக்கணக்கில் வரும் நாற்றம் பெரும்பாலும் அங்கிருந்து வருவதே.

மேலே உள்ள பூவேலைப்பாடு அடியிலும் தெளிவாகத் தெரிந்தால் அது நெய்யப்பட்டது. தண்ணீர் இருபுறமும் ஓடும், சீக்கிரம் காயும். அடியில் தனியாக ஒரு துணி ஒட்டப்பட்டிருந்தால் உள்ளே இழைகளைப் பிடித்துவைக்கும் பால்மப் பசை இருக்கும். சிறுநீர் பசைக்குள் இறங்கினால் வெளியே வராது. நம் வெப்பத்தில் சில ஆண்டுகளில் அந்தப் பசை பொடிப்பொடியாக உதிரவும் தொடங்கும். விலை உயர்ந்த கம்பளிக் கார்ப்பெட்டுகளிலும் இப்படிப் பசை போட்டு ஒட்டியவை உண்டு என்பதை மறக்க வேண்டாம். அடியில் சணல் இருந்தால் ஈரம் பட்டுப் பழுப்பு நிறம் மேலே ஏறிவரும்.

நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். துணியில் சாயம் ஏறினால் அந்தக் கார்ப்பெட்டை வைத்துவிட்டு வாருங்கள்.

நகமும் முடியும்

இழைகள் வெட்டப்படாமல் வளையம் வளையமாக இருக்கும் கார்ப்பெட்டில் பூனை நகம் மாட்டிக்கொள்ளும். ஒரு வளையம் இழுபட்டால் வரிசையாகப் பிரிந்து வரும். நாய்க்கும் நகம் பிய்ந்து காயமாகலாம். நுனி வெட்டப்பட்ட, குட்டையான, நெருக்கமான இழையே பாதுகாப்பு. பூனைக்குத் தனியாக ஒரு கீறல் கட்டை வைத்தால் கார்ப்பெட்டை விட்டுவிட வாய்ப்பு அதிகம்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பிராணியின் முடி நிறத்தையும் உங்கள் பகுதி மண்ணின் நிறத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டப்புறத்தில் மழை நாளில் நாய் செம்மண் பாதத்தோடு உள்ளே வரும். அங்கே வெளிர் நிறம் ஒரு வாரம்கூடத் தாங்காது. பழுப்பும் செம்மண் நிறமும் கலந்த பூவேலைப்பாடு நல்லது. வாசலில் கால் துடைக்க ஒரு கரடுமுரடான மிதியடி போட்டால் பாதி அழுக்கு அங்கேயே நின்றுவிடும்.

சிறுநீர் பட்டால் செய்ய வேண்டியவை

புதுச் சிறுநீர் எளிதில் போகும். நேரம் ஆக ஆக, அதிலுள்ள யூரியாவைக் கிருமிகள் சிதைத்து அம்மோனியாவாக மாற்றும். பூனைச் சிறுநீரில் கந்தகம் கலந்த ஃபெலினின் என்ற பொருளும் உண்டு. ஆண் பூனையில் அது அதிகம். அந்தக் கடுமையான வாடைக்கு அதுவே காரணம். காய்ந்த சிறுநீரின் உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழை நாளில் பழைய நாற்றம் திரும்பி வருவது அதனால்தான். ஆகவே வேகம் முக்கியம்.

1. பழைய துணியையோ டிஷ்யூவையோ வைத்துக் காலால் அழுத்தி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் இன்னும் பரவும், ஆழமாக இறங்கும்.

2. கொஞ்சம் குளிர்ந்த நீரை ஊற்றி மீண்டும் ஒற்றி எடுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள்.

3. செயற்கை இழை என்றால் நொதித் திரவத்தைச் சிறுநீர் இறங்கிய ஆழம் வரை போகும்படி ஊற்றுங்கள். மேலே மட்டும் தெளித்தால் பயனில்லை. லேபிளில் சொன்ன நேரம் வரை ஊறவிடுங்கள். கம்பளி என்றால், கம்பளிக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட திரவத்தை மட்டும் பயன்படுத்துங்கள். அவசரத்துக்கு, தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரை முதலில் ஒரு மூலையில் சோதித்துவிட்டுப் போடலாம். கம்பளி இலேசான புளிப்பைத் தாங்கும். காரத்தைத் தாங்காது.

4. தூக்கக்கூடிய கார்ப்பெட் என்றால் வெளியே கொண்டுபோய் அலசி, இருபுறமும் காற்றுப்படும்படி கம்பியில் போடுங்கள். அடுக்குமாடியில் இருப்போர் இரண்டு நாற்காலிகளின் மேல் போட்டு, மின்விசிறியை அடிப்பக்கம் படும்படி வைக்கலாம். அடிப்பக்கம் நன்றாகக் காய்ந்த பிறகே தரையில் விரியுங்கள். அரைகுறையாகக் காய்ந்த கார்ப்பெட்டில் பூஞ்சை பிடிக்கும்.

பழைய கறை எங்கே என்று தெரியாவிட்டால், இரவில் விளக்கை அணைத்துப் புற ஊதா டார்ச் விளக்கு அடித்துப் பாருங்கள். காய்ந்த சிறுநீர் மஞ்சள் பச்சையாக ஒளிரும்.

இவற்றைப் பயன்படுத்த வேண்டாம்

*வெளுப்பு நீர்:* சிறுநீரிலுள்ள அம்மோனியாவோடு கலந்தால் நச்சு வாயு உண்டாகும். கதவை மூடிய அறையில் இது மிகவும் ஆபத்து.

*பீனாயில், பீனால் வகைக் கிருமிநாசினிகள்:* தண்ணீர் ஊற்றினால் வெள்ளையாக மாறும் கிருமிநாசினிகள் பெரும்பாலும் இந்த வகை. பூனையின் ஈரலால் இவற்றைச் சிதைத்து வெளியேற்ற முடியாது. கார்ப்பெட்டில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும்போது உடலுக்குள் போய்விடும்.

*அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவம்:* இதன் வாடை சிறுநீர் வாடையை ஒத்திருப்பதால், பிராணி அதே இடத்துக்குத் திரும்ப வரும்.

*நீராவிக் கருவி:* சூடு கறையையும் நாற்றத்தையும் இழையில் நிலைக்கச் செய்யும். சிறுநீர் பட்ட கார்ப்பெட்டை டோபி கடைக்குக் கொடுத்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தெள்ளுப்பூச்சியும் ஆஸ்துமாவும்

பூனை, நாயின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியின் முட்டைகள் உதிர்ந்து கார்ப்பெட்டில் விழும். அங்கேயே பொரித்து, புழுவாகிக் கூட்டுப்புழுவாகும். நம் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்று வாரங்களில் புதுத் தலைமுறை தயாராகிவிடும். பிராணிக்கு மருந்து போட்டும் பூச்சி போகவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் கார்ப்பெட்தான். வாரத்துக்கு இரண்டு முறையாவது மேலும் அடியும் வேக்கும் செய்து, சேர்ந்த குப்பையை உடனே வெளியே கொட்டிவிடுங்கள். நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்கு ஒருபோதும் போடக் கூடாது. பூனை வலிப்பு வந்து இறக்கக்கூடும்.

வீட்டில் ஆஸ்துமா அல்லது மூக்கு ஒவ்வாமை உள்ள குழந்தை இருந்தால், கம்பளியா செயற்கையா என்ற கேள்வியே வேண்டாம். இரண்டிலும் தூசிப்பூச்சியும் பூனையின் எச்சில், தோலிலிருந்து வரும் ஒவ்வாமைப் பொருளும் சேரும். வெறும் டைல்ஸ் தரையில் அவை மிகக் குறைவாகவே தங்கும். அந்த வீட்டில், குறிப்பாகக் குழந்தை தூங்கும் அறையில், கார்ப்பெட் இல்லாமல் இருப்பதே நல்லது. உட்கார ஏதாவது வேண்டுமென்றால் பாய் போதும். துவைத்து வெயிலில் போடக்கூடிய பருத்தி ஜமுக்காளமும் ஏற்றது.

பிராணியைத் திட்டும் முன்

இத்தனை நாள் ஒழுங்காக இருந்த பூனையோ நாயோ திடீரென்று கார்ப்பெட்டில் சிறுநீர் கழித்தால், அது நோயின் அறிகுறியாக இருக்கலாம். சிறுநீர்ப் பாதைத் தொற்று, சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு ஆகியவை இப்படித்தான் முதலில் தெரியவரும். ஆண் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்கி, கத்தி, ஒரு சொட்டு மட்டும் வந்தால் அல்லது ஒன்றுமே வராவிட்டால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சிறுநீர் அடைப்பு ஓரிரு நாள்களில் உயிரைப் பறித்துவிடும். தனியார் மருத்துவமனைக் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் தங்கள் மாவட்டத்தில் உள்ள கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

ஆண் பூனை நின்றபடி சுவரிலும் கார்ப்பெட் ஓரத்திலும் பீய்ச்சினால் அது எல்லை குறிக்கும் பழக்கம். கருத்தடை செய்தால் பெரும்பாலான பூனைகளில் இது நின்றுவிடும். மண் தட்டு அழுக்காக இருந்தாலும் பூனை மெத்தென்ற கார்ப்பெட்டைத் தேடும். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக வையுங்கள். குட்டி நாயின் மூக்கைச் சிறுநீரில் தேய்ப்பதால் அது எதையும் கற்றுக்கொள்ளாது. பயந்து மறைவிடத்தில் போகப் பழகும்.

எந்த வீட்டுக்கு எது?

*குட்டி நாய், புதுப் பூனை உள்ள வீடு:* பழகும் வரை கார்ப்பெட் வேண்டாம். வாங்கியிருந்தால் சுருட்டி வையுங்கள். பெருநாள் அன்று விரித்தால் போதும்.

*தோட்டப்புற வீடு, தரை வீடு:* நெய்யப்பட்ட, அடர் நிற பாலிபுரோப்பிலீன். வெளியே குழாயடியில் கழுவி வெயிலில் போட வசதி இருப்பதால் சற்றுப் பெரிய அளவும் சமாளிக்கலாம்.

*அடுக்குமாடி வீடு:* சலவை இயந்திரத்தில் போடக்கூடிய சிறிய பாலியஸ்டர் விரிப்புகள் இரண்டு மூன்று. ஒன்று துவைக்கப் போனால் மற்றொன்று தரையில் இருக்கும்.

*வயதான நாய் உள்ள வீடு:* டைல்ஸ் தரையில் கால் வழுக்கி எழ முடியாமல் சிரமப்படும். அது நடக்கும் வழியில் அடியில் வழுக்காத வலை வைத்துக் குட்டையான விரிப்புகளை வரிசையாகப் போடுங்கள். இங்கே கார்ப்பெட் அலங்காரத்தைவிட நாயின் மூட்டு வலிக்கு உதவுகிறது. சிறுநீரை அடக்க முடியாத வயது என்பதால் துவைக்கக்கூடியதாக மட்டும் இருக்கட்டும்.

*பரம்பரைக் கம்பளிக் கார்ப்பெட் வைத்திருப்போர்:* பிராணி போகாத அறையில் விரியுங்கள். மாதம் ஒருமுறை புரட்டிப் போட்டு அடிப்பக்கத்தையும் வேக்கும் செய்யுங்கள். சுருட்டி வைப்பதானால் நன்றாகக் காய்ந்த பிறகே சுருட்ட வேண்டும்.

கார்ப்பெட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் செயற்கை இழையை வாங்கினால் மீதம் நிற்கும். அதில் ஒரு புட்டி நொதித் திரவமும், பிராணிக்குத் தெள்ளுப்பூச்சி மருந்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கருத்தடை இன்னும் செய்யாத பூனை என்றால் அந்தச் செலவுக்கும் அது உதவும்.